சிகாகோவில் ஒரே ஒரு மதியம்: எந்த சாண்ட்விச்சுக்கு வரிசையில் நிற்பது?

ஊரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் சிகாகோவில் முதலில் பார்க்கக் கேட்பது ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டைத்தான். ஓவியத்துக்காக அல்ல. 1893 செப்டம்பர் 11ஆம் தேதி விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் தூண்டுதலும் உதவியும் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்ததால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு. வாசலில் இருக்கும் சிங்கச் சிலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். நல்ல பசி. "சரி, இந்த ஊர்ச் சாப்பாடு என்னப்பா?" என்ற கேள்வி அந்தப் படிக்கட்டில்தான் வரும்.

பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள்: டீப் டிஷ் பீட்சா, அதாவது ஆழமான தட்டில் சுடும் தடித்த பீட்சா. நான் மறுத்துவிடுவேன். அது வேக முக்கால் மணி நேரம் ஆகும், தின்றால் தூக்கம் வரும், மதியம் அத்தோடு சரி. உள்ளூர்க்காரர்கள் வாரக் கடைசியில் வாங்குவதும் பெரும்பாலும் மெல்லிசாகச் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டிய பீட்சாவைத்தான். வேலைக்கு நடுவே, நின்றபடி, முழங்கை வரை சாறு வழிய இந்த ஊர் சாப்பிடுவது சாண்ட்விச். சிகாகோவுக்கே உரியவை என்று ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேட்டையைச் சேர்ந்தது. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கப்பலிலோ ரயிலிலோ வந்து இறங்கிய ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு மதியத்தில் ஒன்றுக்குத்தான் வயிற்றில் இடம். நன்றாகச் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு.

ஒன்பது வருடமாக விருந்தாளிகளை இழுத்துக்கொண்டு இந்தக் கடைகளுக்கு அலைந்ததில் எனக்கென்று ஒரு கணக்கு உருவாகியிருக்கிறது. நண்பர்கள் பலர் அதை ஒத்துக்கொள்வதில்லை. இருக்கட்டும்.

முதலில் ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசிவிடலாம். இது கறி வெட்டிப் பிழைத்த ஊர். 1865 கிறிஸ்துமஸ் அன்று யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பிரமாண்டமான கால்நடைச் சந்தை இங்கே திறக்கப்பட்டது. 1971இல் மூடும்வரை ரயில் ரயிலாக மாடும் பன்றியும் அங்கே வந்து இறங்கின. இப்போது மிச்சம் இருப்பது ஒரு கல் வாசல்தான். அதனால் ஊரின் பேர்பெற்ற சாண்ட்விச்சுகளில் முக்கால்வாசி மாடு அல்லது பன்றி. நம் ஆட்களில் ஐந்து பேரைச் சேர்த்து அழைத்துப் போனால் ஒருவர் சுத்த சைவம், ஒருவர் முட்டை மட்டும், இரண்டு பேர் "மாடு வேண்டாம்", மீதி ஒருவர் எல்லாம் சாப்பிடுவார், ஆனால் அம்மா முன்னால் சொல்லமாட்டார். ஆகவே ருசியைப் பற்றிய வாதத்துக்கு முன்னால் "உங்களோடு யார் வருகிறார்கள்" என்ற கேள்வி நிற்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஹாட் டாக்கை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் ஹாட் டாக், சாசேஜ் கவுன்சிலே 2015இல் "ஹாட் டாக் சாண்ட்விச் அல்ல" என்று அறிவித்துவிட்டது. எனக்கு வசதியாகப் போயிற்று. கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகுச் சாஸ், கண்ணைப் பறிக்கும் பச்சையில் ரெலிஷ் என்ற வெள்ளரி ஊறுகாய், வெங்காயம், தக்காளி, ஊறவைத்த வெள்ளரித் துண்டு, குட்டி மிளகாய், செலரி உப்பு என்று ஒரு தோட்டத்தையே மேலே ஏற்றி வைப்பார்கள். கெட்சப் மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் முறைப்பார்கள். ஒரு வேடிக்கை: ஊரின் பெரிய சாசேஜ் நிறுவனமான வியன்னா பீஃப்பைத் தொடங்கிய இருவரும் ஆஸ்திரிய ஹங்கேரியிலிருந்து வந்து கடை போட்டது அதே 1893இல், விவேகானந்தர் வந்த அதே உலகக் கண்காட்சிச் சமயத்தில். ஹாட் டாக்கை வழியில் எங்காவது நொறுக்குத் தீனியாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைச் செலவழிக்க வேண்டாம்.

ஊரைக் கேட்டால் ஊர் சொல்லும் பதில் இட்டாலியன் பீஃப். பெயரைப் பார்த்து இத்தாலியில் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே போய்க் கேட்டால் விழிப்பார்கள். சிகாகோவின் டெய்லர் தெருப் பக்கம் குடியேறிய இத்தாலியர்கள் கஷ்டகாலத்தில் கண்டுபிடித்தது இது. கால்நடைச் சந்தையில் நல்ல துண்டுகளெல்லாம் பணம் உள்ளவர்களுக்குப் போய்விடும், வாங்கக் கட்டுப்படியானது முத்தல் கறி. முத்தல் கறியை எப்படித் தின்பது? பூண்டு, மிளகு, ஆரிகனோ போட்டு, அடியில் தண்ணீர் உள்ள தட்டில் மெதுவாக வேகவிட்டார்கள். ஆறியதும் காகிதம்போல மெல்லிசாகச் சீவினார்கள். சீவலைத் திரும்பவும் அந்தச் சாற்றிலேயே போட்டுச் சூடாக்கினார்கள். மெல்லிசாகச் சீவினால் முத்தல் தெரியாது, கொஞ்சம் கறி நிறைய ரொட்டிக்குக் காணும். அந்தக் காலத்தில் இத்தாலியர் வீடுகளில் நடந்த எளிய கல்யாணங்களுக்கு "கடலைக் கல்யாணம்" என்று பெயர். விருந்து வைக்க வசதியில்லாமல் வேர்க்கடலை கொடுத்து அனுப்பிய கல்யாணங்கள். அந்தக் கல்யாணங்களில் வந்த கூட்டத்துக்கு ஒரு துண்டுக் கறியைப் பிரித்துக் கொடுக்க வந்ததுதான் இது என்பது டெய்லர் தெருக்காரர்கள் சொல்லும் கதை. அந்தத் தெருவின் அல்'ஸ் கடை 1938இல் தொடங்கியது. முதலில் செய்தது நாங்கள்தான் என்கிறவர்கள் வேறு சிலரும் உண்டு. திருநெல்வேலி அல்வா சண்டை மாதிரி, நாம் தலையிட வேண்டாம்.

அந்தச் சாற்றை இங்கே கிரேவி என்பார்கள். நம் கிரேவிபோலக் கெட்டியாக இராது, ரசம் மாதிரி தண்ணீராக, மேலே கொஞ்சம் எண்ணெய் மின்ன இருக்கும். கடையில் போய் நின்றதும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். ஒன்று ஈரம். "டிரை" என்றால் கறியை வடித்து வைப்பார்கள், "வெட்" என்றால் மேலே ஒரு கரண்டி சாறு ஊற்றுவார்கள், "டிப்டு" என்றால் முழு சாண்ட்விச்சையும் இடுக்கியால் பிடித்துச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். இரண்டாவது மிளகாய். "ஸ்வீட்" என்றால் வதக்கிய குடைமிளகாய். "ஹாட்" என்றால் ஜார்டினேரா.

ஜார்டினேராவைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்லாவிட்டால் பாவம். காரட், செலரி, காலிஃபிளவர், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஊறவைத்து எண்ணெயில் மிதக்க விட்ட ஊறுகாய். இத்தாலியில் அது பெரும்பாலும் வினிகரில் கிடக்கும். எண்ணெயில் போட்டுக் காரத்தை ஏற்றியது சிகாகோ. அமெரிக்கச் சாப்பாட்டில் உப்பும் காரமும் புளிப்பும் ஒன்றாக நாக்கில் இறங்கும் இடம் குறைவு, அதனால் நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். என் சித்தப்பா ஒருவர் "ஹாட்?" என்று கடைக்காரர் கேட்டதும் சூடாக வேண்டுமா என்று கேட்கிறார் போல என்று நினைத்து "எஸ், வெரி ஹாட்" என்றார். வந்ததைத் தின்றுவிட்டு மறுநாள் ஒரு பாட்டில் ஜார்டினேரா வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தயிர் சாதத்துக்காம்.

இதில் ரொட்டிதான் யாரும் பேசாத நாயகன். 1886 முதல் இருக்கும் கொனெல்லா, அப்புறம் டுரானோ என்று உள்ளூர் ரொட்டிக்கூடங்களின் நீள ரொட்டியைத்தான் கடைகள் வாங்குகின்றன. சாற்றில் முக்கினாலும் கரையாமல், ஊறின அடைபோலக் கனத்து நிற்கும். ஊருக்கு வெளியே செய்கிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்.

இதை நின்றுதான் சாப்பிட வேண்டும். முழங்கை இரண்டையும் மேடையில் ஊன்றி, கால்களை ஒரு அடி பின்னால் வைத்து, முன்னால் குனிந்து. சாறு சட்டையில் விழாமல் காகிதத்தில் விழும். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் எல்லோரும் அப்படியே நிற்பதால் வெட்கம் போய்விடும். "வீட்டில் போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்" என்று டிப்டு பீஃப் ஒன்றைப் பொட்டலம் கட்டி வாங்கி நேப்பர்வில் வரை காரில் கொண்டுவந்தேன் ஒருமுறை. நாற்பது நிமிடம். வந்து சேர்ந்தது ரொட்டிக் கூழ். கார் இருக்கையில் பூண்டு வாசம் ஒரு மாதம் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

எந்தக் கடை என்றால், டெய்லர் தெரு அல்'ஸ் கதைக்காக. ஆர்லீன்ஸ் தெருவில் உள்ள மிஸ்டர் பீஃப் நகர மையத்திலிருந்து பக்கம். ஆனால் 2022இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு அங்கே கூட்டம் அதிகமாகிவிட்டது. ருசிக்கு என்றால் நான் எல்ம்வுட் பார்க்கில் இருக்கும் ஜானீஸ் பீஃப்புக்குத்தான் வாக்களிப்பேன். 1961 முதல் இருக்கும் சின்னக் கடை. காரத்துக்கு மேல் அங்கேயே கிடைக்கும் எலுமிச்சை ஐஸ் ஒன்று. கார் இல்லாமல் அங்கே போவது சிரமம். போர்ட்டிலோஸ் என்ற சங்கிலிக் கடை புறநகரெங்கும் உண்டு. குறை சொல்ல முடியாத பீஃப், உட்கார நாற்காலி, சுத்தமான கழிப்பறை. குழந்தைகளோடு வருகிறவர்கள் அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது மேக்ஸ்வெல் ஸ்ட்ரீட் போலிஷ். போலந்துக்காரர்கள் கொண்டுவந்த தடித்த சாசேஜைத் தகட்டில் கருக வறுத்து, பன்னில் வைத்து, மேலே மஞ்சள் கடுகுச் சாஸும் ஒரு குத்துப் பொன்னிற வெங்காயமும் போட்டு, இரண்டு மூன்று ஊறவைத்த குட்டி மிளகாயைத் தூக்கிப் போடுவார்கள். வறுவல் உருளைக்கிழங்கு இனாம். ஜிம்'ஸ் ஒரிஜினல் 1939 முதல் இதை விற்கிறது, தொடங்கியவர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஜிம்மி ஸ்டெஃபனோவிச். கடை இருந்த மேக்ஸ்வெல் தெரு ஒரு காலத்தில் யூதக் குடியேறிகளின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பிறகு தெற்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பின மக்களும் அங்கே சேர்ந்தார்கள். அவர்கள் கிட்டாரை மின்சாரத்தில் இணைத்து நடைபாதையில் ப்ளூஸ் வாசித்தார்கள். பல்கலைக்கழகம் விரிவடைந்ததில் சந்தை போய்விட்டது, கடையும் கொஞ்சம் தள்ளி யூனியன் அவென்யூவுக்கு நகர்ந்தது. இப்போது போனால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஜன்னல், அதன் முன்னால் மனிதர்கள். வெங்காயம் வதங்கும் வாசம் மட்டும் நமக்குத் தெரு முனையிலேயே கிடைத்துவிடும், ராத்திரி நேரத்து முட்டைப் பரோட்டாக் கடை மாதிரி.

இதன் நல்ல குணம் வேகம், விலை, பசியை அடக்கும் தன்மை. கெட்ட குணம் உட்கார இடமில்லை, ஜனவரியில் போனால் விரல் விறைத்துவிடும், சாசேஜில் பன்றி கலந்திருக்கும். ராத்திரி பசித்தால் எனக்கு இதைவிட எதுவும் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு மதியம் என்று வருகிறவரை இங்கே கூட்டிப்போக மனம் வருவதில்லை. அந்தச் சந்தையின் கதையைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ஒரு ருசி, தெரியாமல் சாப்பிட்டால் அது நல்ல சாசேஜ், அவ்வளவுதான்.

இனி என் கட்சி: ஹிபாரிட்டோ. ஆங்கிலத்தில் ஜே எழுத்தில் தொடங்கும், ஸ்பானிஷ் உச்சரிப்பில் ஹி. இதில் ரொட்டியே கிடையாது. பச்சை வாழைக்காயை உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கீறி, ஒருமுறை பொரித்து, சூடாக இருக்கும்போதே தட்டையாக அழுத்தி, மறுபடி பொரிப்பார்கள். மொறுமொறுவென்று வரும் அந்த இரண்டு பலகைகள்தான் ரொட்டி. உள்ளே மெல்லிய மாட்டுக்கறி அல்லது கோழி அல்லது பன்றி, வதக்கிய வெங்காயம், சீஸ், லெட்யூஸ், தக்காளி, மயோனைஸ். மேலே பூண்டு எண்ணெய் தடவிக் கொடுப்பார்கள். முதல் கடியில் பல்லுக்கு வாழைக்காய்ச் சிப்ஸ், இரண்டாவது நொடியில் வாழைக்காய் வறுவல், அதற்குள் பூண்டு மூக்குக்கு ஏறியிருக்கும்.

இது பழைய காலத்துப் பலகாரம் அல்ல. 1996இல் ஹம்போல்ட் பார்க் வட்டாரத்தில் போரின்கென் என்ற உணவகம் நடத்திய ஹுவான் ஃபிகெரோவா செய்தது. அமெரிக்க ஆட்சியில் உள்ள கரீபியத் தீவான புவெர்ட்டோ ரிக்கோவின் செய்தித்தாள் ஒன்றில் வாழைக்காய் சாண்ட்விச் பற்றிப் படித்தாராம், தன் கடையில் செய்து பார்த்தார், பிடித்துக்கொண்டது. ஹிபாரோ என்றால் புவெர்ட்டோ ரிக்கோவின் மலைநாட்டு விவசாயி. ஹிபாரிட்டோ அதன் செல்லப் பெயர். நம்மூரில் "பட்டிக்காட்டான்" என்று செல்லமாகக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி.

புவெர்ட்டோ ரிக்கோ மக்களின் சிகாகோக் கதையும் லேசானது அல்ல. 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள் என்றாலும் பெருங்கூட்டமாக இங்கே வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆலை வேலைக்கு. முதலில் இருந்த பேட்டைகளிலிருந்து நகரச் சீரமைப்பு என்ற பெயரில் மேற்கே தள்ளப்பட்டார்கள். 1966 ஜூனில் ஒரு புவெர்ட்டோ ரிக்கோ இளைஞனைப் போலீஸ் சுட்டதைத் தொடர்ந்து டிவிஷன் தெருவில் கலவரம் மூண்டது. அதே டிவிஷன் தெருவின் குறுக்கே 1995இல் எஃகில் செய்த இரண்டு மாபெரும் புவெர்ட்டோ ரிக்கோ கொடிகளை நட்டார்கள். காற்றில் படபடப்பதுபோலவே வளைந்து நிற்கும், கீழே வண்டிகள் போகும். கொடி நட்ட மறு வருடம்தான் ஹிபாரிட்டோ பிறந்தது.

சாண்ட்விச்சோடு வரும் சோற்றையும் கவனியுங்கள். அர்ரோஸ் கோன் கன்டூலெஸ் என்ற மஞ்சள் சிவப்புச் சோறு. கன்டூலெஸ் வேறொன்றுமில்லை, துவரை. பருப்பாக உடைக்காத முழுத் துவரை. வாழைக்காயும் துவரையும் சோறும் ஒரே தட்டில், கடல்களுக்கு அப்பால். முதல்முறை பார்த்தபோது சொந்தக்காரர் வீட்டுக்கு வழி தவறிப் போய்ச் சேர்ந்ததுபோல இருந்தது எனக்கு. ஒரு எச்சரிக்கை: அந்தச் சோற்றில் பெரும்பாலும் பன்றிக்கறி போட்டிருப்பார்கள். வேண்டாதவர் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

போகும் வழி எளிது. ப்ளூ லைன் ரயிலில் டிவிஷன் நிலையத்தில் இறங்கி, 70ஆம் எண் பேருந்தில் மேற்கே போனால் கொடிகளுக்கு அடியிலேயே போய் நிற்கும். அந்தத் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஹிபாரிட்டோ விற்கும் கடைகள் பல. நான் வழக்கமாகப் போவது டிவிஷன் தெருவின் பாப்பாஸ் காச்சே சப்ரோஸோ. அவசரத்துக்கு ஆகாது. கேட்ட பிறகுதான் வாழைக்காய் எண்ணெயில் விழும், கால் மணி, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வந்ததை உடனே தின்றுவிட வேண்டும். ஆறினால் வாழைக்காய் தோல்போல இறுகி, கடிக்கக் கடிக்க உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கமாக வெளியே வந்துவிடும்.

முட்டை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஊரில் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது. தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களில், கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை கறி தின்னமாட்டார்கள். இத்தாலியர் கடைகளுக்கோ கறிதான் பிழைப்பு. என்ன செய்வது? பெப்பர் அண்ட் எக். வதக்கிய குடைமிளகாயோடு முட்டையைக் கிளறி அதே நீள ரொட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள். மார்ச் மாத வெள்ளிக்கிழமை சிகாகோவில் இருந்தால் பீஃப் கடைகளின் பலகையில் அதைப் பார்க்கலாம், வருடம் முழுக்கப் போடும் கடைகளும் உண்டு. ஜார்டினேரா கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அது வீட்டில் காலையில் அவசரத்துக்குச் செய்யும் முட்டைப் பொரியல்தான். கிரேவி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அது கறிச் சாறு. இன்னொன்று, சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம், வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சுத்த சைவத்துக்கு இரண்டு வழி. கறி இல்லாத ஹிபாரிட்டோ பல கடைகளில் கிடைக்கும், ஆனால் அதே எண்ணெயில்தான் மற்றதும் பொரிந்திருக்கும். அதை ஏற்காதவர்களுக்கு ஹால்ஸ்டெட் தெருவில் சிகாகோ டைனர். 1983 முதல் கறியே நுழையாத உணவகம். கோதுமைப் புரதத்தைக் கறிபோலச் செய்து, புளித்த முட்டைகோஸும் சீஸும் வைத்து ராடிகல் ரூபன் என்று ஒன்று கொடுக்கிறார்கள். நன்றாகவே இருக்கும். சிகாகோவுக்கே உரியது என்று சத்தியம் செய்யமாட்டேன்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தெற்குப் பக்கத்தில் "மதர் இன் லா" என்று ஒன்று உண்டு, ஆமாம், மாமியார்தான். மக்காச்சோள மாவில் செய்த தமாலேயை ஹாட் டாக் பன்னில் படுக்கவைத்து, மேலே கொத்துக்கறிச் சில்லி ஊற்றுவார்கள். நெஞ்சைக் கரிக்கும் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்லிச் சிரிப்பார்கள். மாமியார் நகைச்சுவை எல்லா ஊரிலும் ஒரே தரத்தில்தான் இருக்கிறது. மாவுக்குள் மாவு வைத்துத் தின்பது எனக்கு ஒத்துவரவில்லை, பெயருக்காக ஒருமுறை சாப்பிடலாம். அதே பக்கத்தில் ஜிம் ஷூ: உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, வறுத்த மாட்டிறைச்சி, கிரேக்க கைரோ இறைச்சி மூன்றையும் தகட்டில் கொத்தி நீள பன்னில் அடைத்து வெள்ளைச் சாஸ் ஊற்றித் தருவது. கொத்துப் பரோட்டாப் பிரியர்களுக்குப் பிடிக்கும். சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத தெருக்கள், கார் வேண்டும். ரிக்கோபீன்ஸ் கடையில் கிடைக்கும் பிரெட்டட் ஸ்டேக் மெல்லிய கறியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தக்காளிக் குழம்பில் குளிப்பாட்டியது, ஒன்றை இரண்டு பேர் பங்கு போடலாம். 1942இல் தொடங்கி, இப்போது ஜெஃபர்சன் தெருவில் இருக்கும் மேனீஸ் காண்டீனில் யூதர்களின் கார்ன்ட் பீஃப் மலைபோலக் குவித்துத் தருவார்கள். வயதானவர்களோடு போனால் இதுதான் வசதி, தட்டை எடுத்துக்கொண்டு நிதானமாக உட்காரலாம். ஆனால் அந்த வகையில் நியூயார்க் பேர்பெற்றது. நியூயார்க்கும் போகப்போகிறீர்கள் என்றால் அங்கே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குத்தான். பீஃப்பா, ஹிபாரிட்டோவா?

ருசியில் மட்டும் நிறுத்துப் பார்த்தால் பீஃப் ஒரு நூலிழை முன்னால் நிற்கிறது, அதுவும் ஜார்டினேராவின் உபயத்தில். டிப்டு, ஹாட், நின்றபடி முதல் கடி. அதற்கு நிகராக இந்த ஊரில் எதையும் நான் சாப்பிட்டதில்லை. நேரம் குறைவு என்றாலும் பீஃப்தான். கேட்ட இரண்டு நிமிடத்தில் கையில் வந்துவிடும், பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிடலாம், ஓஹேர் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடலாம்.

ஆனாலும் என் கையில் முடிவு இருந்தால் ஹிபாரிட்டோவுக்குத்தான் போவேன். காரணம் எளியது. போர்ட்டிலோஸ் இப்போது டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று பரவிவிட்டது. டாலஸில் இருக்கும் உங்கள் மச்சினர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓரளவு நல்ல பீஃப் கிடைக்கும். ஹிபாரிட்டோ அப்படிப் பரவவில்லை. புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள் வாழும் வேறு ஊர்களில் தேடினால் கிடைக்கலாம், ஆனால் அது பெரிய பெயராக இருப்பது இங்கே மட்டும். இவ்வளவு தூரம் வந்தவர் ஊருக்குப் போனபிறகு எது கிடைக்காதோ அதைத்தானே தின்ன வேண்டும்? அப்புறம், குழுவின் பிரச்சினை. ஒரே கடையில் ஒருவருக்கு மாடு, ஒருவருக்குக் கோழி, ஒருவருக்குக் கறியில்லாமல் என்று எல்லோரும் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட முடிவது இங்கே மட்டும்தான். பீஃப் கடையில் மாடு சாப்பிடாதவர் வறுவலைக் கொறித்துக்கொண்டு நம்மை வேடிக்கை பார்ப்பார், நமக்கும் இறங்காது.

எனக்கு எதிர்க்கட்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், "ஊரின் அடையாளத்தை விட்டுவிட்டுப் பலகாரக் கடைக்குக் கூட்டிப் போகிறாயே" என்று ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவார். தனியாக வருகிறவர், மாட்டுக்கறி சாப்பிடுகிறவர், மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அவர் சொல்வது சரி, டெய்லர் தெருவுக்குப் போங்கள். இரண்டு வேளை கிடைத்தால் மதியம் ஹிபாரிட்டோ, ராத்திரி பீஃப். வரிசையை மாற்ற வேண்டாம். பீஃப் தின்ற கையோடு இரண்டுமுறை பொரித்த வாழைக்காயை வயிறு ஏற்காது. மதியம் தின்றுவிட்டு ஹம்போல்ட் பார்க் குளத்தைச் சுற்றி நடந்தால் ராத்திரிக்குப் பசித்துவிடும்.

போன கோடையில் மதுரையிலிருந்து வந்த அத்தைக்குக் கறியில்லாத ஹிபாரிட்டோ வாங்கிக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பிரித்துப் போட்டு வாழைக்காயை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, வாழக்காயப் போயி இப்படித் தட்டிப் போடலாம்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தியக் கடையில் வாங்கிய வாழைக்காயில் செய்து பார்த்தோம். தட்டியதும் உடைந்துவிட்டது. மெக்சிகோக்காரர் கடையில் கிடைக்கும் தடித்த பச்சைப் பிளான்டேன்தான் வேண்டும், துளி மஞ்சள்கூட ஏறியிருக்கக் கூடாது. இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்க் காகிதம் வைத்து, சூடு ஆறும் முன்னால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மூன்றாவது தடவை சரியாக வந்தது. உள்ளே வைக்க அத்தை தேங்காய்த் துவையல் அரைத்தார்.